சேர்வராயன் அடிவாரம்: மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு புறநகர்

சேலத்தைச் சுற்றி அடிவாரங்களுக்குப் பஞ்சமில்லை. அழகாபுரம் பக்கம் போனால் நகரமலை அடிவாரம். சித்தர் கோவிலுக்குப் போனால் கஞ்சமலை அடிவாரம். தெற்கே ஜருகுமலை அடிவாரம். ஆனால் ஏற்காடு சாலையில் பேருந்து ஏறி, "அடிவாரம் ஒண்ணு" என்று சில்லறையை நீட்டினால் நடத்துநர் மறுகேள்வி கேட்பதில்லை. அஸ்தம்பட்டி, கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி என்று வீடுகள் விடாமல் கூடவே வந்து, சட்டென்று சாலை நிமிர்கிற இடம் அது. அதற்கு மேலே இருபது கொண்டை ஊசி வளைவுகள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரில் கிடக்கும் நகரத்தின் வெக்கையை விட்டு, 1,500 மீட்டர் உயரத்துக் குளிருக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

மேலே போகிறவர்களுக்கு அடிவாரம் தண்ணீர் பாட்டில் வாங்க ஒரு நிறுத்தம், சோதனைச் சாவடியில் சில நிமிடம், அவ்வளவுதான். ஏற்காட்டைப் பற்றி எழுதியவர்களும் பெரும்பாலும் மேலே இருந்தே எழுதினார்கள். காப்பித் தோட்டம், தேவாலயம், பள்ளிக்கூடம், படகுத்துறை எல்லாம் மேலே இருப்பவை. ஆனால் இருநூறு ஆண்டுகளாக மலையில் நடந்த ஒவ்வொன்றும் இந்த வழியாகத்தான் ஏறியது, இறங்கியது. மலையில் பெய்த மழையும் இங்கேதான் வந்து தேங்கியது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்த ஏரிகளின் கரையில்தான் இன்றைய கன்னங்குறிச்சியும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும் இருக்கின்றன.

மலைக்கு முதலில் சொந்தம் கொண்டாட வேண்டியவர்கள் மலையாளி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் ஒருவர் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. மலையின் உச்சியில், 1,600 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், குகைக்குள் இருக்கிறது சேர்வராயன் கோயில். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை நீண்டுகொண்டே போய்க் காவிரி பிறக்கும் இடத்தைத் தொடுகிறது என்று நம்புகிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே திரளும்.

மலையின் தண்ணீர் காவிரியைத் தொடுகிறது என்ற அந்த நம்பிக்கைக்கு வேறொரு வகையில் ஆதாரம் கண்முன்னே ஓடுகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. மேற்குப் பக்கம் இறங்கும் சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியாகப் போய் அதே காவிரியை அடைகிறது. மலையை இரண்டாகப் பிளந்துகொண்டு வடக்கே இறங்கும் வாணியாறு மட்டும் தருமபுரிப் பக்கம் போய்த் தென்பெண்ணையோடு கலக்கிறது. ஒரே மலை இரண்டு பெரிய ஆறுகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறது.

தெற்குச் சரிவின் ஓடைகள் முதலில் சேரும் இடம் அடிவாரத்து ஏரிகள். கன்னங்குறிச்சிப் புது ஏரி நிரம்பினால் மறுகால் பாய்ந்து மூக்கனேரிக்கு வரும். மூக்கனேரி நிரம்பினால் உபரி நீர் திருமணிமுத்தாற்றுக்குப் போகும். மேலேயுள்ள ஏரி வழிந்தால் கீழேயுள்ள ஏரிக்கு உயிர் என்ற இந்த ஏற்பாடு தமிழ்நாட்டின் பல மலையடிவாரங்களிலும் உண்டு. ஆண்டின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும் மழையை மீதி மாதங்களுக்கு வைத்துக்கொள்ள வேறு வழியில்லை. சரிவில் வேகமாக வரும் நீர் சமவெளியில் வேகம் குறைந்து நிற்க ஓரிடம் வேண்டும். அடிவாரத்தில் ஏரி வெட்டியவர்கள் அதைச் சரியாகக் கண்டுகொண்டிருந்தார்கள்.

1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்குக் கீழே நிலவரி வேலை பழகிய இளைஞர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னரானவர். அவர்களுடைய கண் வயல்களின் மேலும் வரியின் மேலும் இருந்தது. மலைப் பக்கம் பார்வையைத் திருப்பியவர் 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் காக்பர்ன். சேர்வராயன் மலையில் காப்பி பயிரானது அவருடைய முயற்சியால்தான் என்பதால் ஏற்காட்டின் தந்தை என்றே அவரைச் சொல்கிறார்கள். மலையாளி மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், அந்தப் பட்டத்தை அப்படியே ஏற்க மனம் வருவதில்லை. தோட்டத் தொழிலின் தொடக்கம் அவரிடம் இருந்தது என்று சொல்வது நியாயம்.

காப்பி வந்ததும் மலைக்கும் அடிவாரத்துக்கும் இருந்த உறவு மாறியது. அராபிகா வகைக்கு உயரமும் நிழலும் வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால்தான் செடி பூக்கும். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் செடிகள், அந்த மரங்களிலேயே ஏறிப் படரும் மிளகுக் கொடி என்று மலையின் தோற்றமே நாளடைவில் வேறானது. பழம் பறிக்கும் காலத்தில் சமவெளியிலிருந்து ஆட்கள் மேலே போனார்கள். மூட்டைகள் கீழே வந்தன. வண்டி போகும் சாலை அமைவதற்கு முன் துரைமார்களும் துரைசானிகளும் மட்டக்குதிரையிலோ, ஆட்கள் தோளில் சுமக்கும் டோலியிலோதான் ஏறினார்கள். 1,200 மீட்டர் செங்குத்தை இன்னொரு மனிதரைச் சுமந்துகொண்டு ஏறியவர்கள் அடிவாரத்துக் கிராமத்து மனிதர்கள். ஏற்காட்டின் பழைய கல்லறைகளில் சுமக்கப்பட்டவர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. சுமந்தவர்களில் ஒருவர் பெயராவது எழுதி வைக்கப்படவில்லையே என்பது வரலாறு படிக்கிற எவருக்கும் உறுத்தும்.

அப்படிச் சென்றவர்களில் இருவரைத் தமிழர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும். ஒருவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பாதிரியார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். சென்னையில் 'தினவர்த்தமானி' இதழை நடத்தியவர். 1882-இல் ஏற்காட்டில்தான் அவர் உயிர் பிரிந்தது. மற்றவர் அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ஆம் ஆண்டு மே மாதம் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவின் மனித வரலாற்றை ஒரே வீச்சில் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியவர். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தாலும் அவருடைய நினைவுக்கல் இருப்பது ஏற்காட்டின் தூய திரித்துவ ஆலயத்தில்தான். சேர்வராயன் மலைக் கிராமங்களின் சிறு கோயில்களில், வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் சாமியாக வணங்கப்பட்டு வந்ததையும் அக்கால ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

ஃபூட்டுக்கு அடிவாரத்தோடும் தொடர்பு உண்டு. வில்லியம் கிங்குடன் சேர்ந்து சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறை அமைப்பை ஆராய்ந்து 1864-இல் அவர் வெளியிட்ட நூல் இந்தப் பகுதியின் நிலவியலுக்கு அடிப்படை. மலை முழுவதும் சார்னோகைட் என்ற கரும்பாறை. அதன் காலடியில், சேலத்துக்கு வடமேற்கே, வெளுத்துக் கிடக்கும் மேடுகள். வெள்ளைக்காரர்கள் அவற்றைச் சுண்ணக் குன்றுகள் என்றார்கள். ஊர்க்காரர்களுக்கு அது வெள்ளைக்கல். வெள்ளக்கல்பட்டி என்று ஓர் ஊரே இருக்கிறது. உண்மையில் அது மேக்னசைட். இரும்பு, எஃகு உலைகளின் உட்சுவரில் பதிக்கும், கடுஞ்சூட்டைத் தாங்கும் செங்கல்லுக்கு மூலப்பொருள். ஏறத்தாழ 1900 முதல் அங்கே சுரங்கம் தோண்டுகிறார்கள். சேலத்திலிருந்து ஓமலூர் பக்கம் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்க்கும் வெள்ளைப் பள்ளங்களும், 'மேக்னசைட் சந்திப்பு' என்ற ரயில் நிலையப் பெயரும் அந்தத் தொழிலின் அடையாளங்கள். தமிழ்நாடு அரசு 1979-இல் தன் பங்குக்கு 'டான்மேக்' நிறுவனத்தைத் தொடங்கியது.

மலை உச்சியில் இருந்தது வேறு கனிமம். மேட்டூரில் 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் வெட்டி எடுத்தார்கள். செம்மண் நிறக் கல்லை ஏற்றிய லாரிகள் மலைப்பாதையில் இறங்கின. 2008-இல் மேட்டூர் ஆலை உருக்கும் வேலையை நிறுத்தியது. காப்பியைப் போலவே பாக்சைட்டும் கீழே இறங்கிப் போய்விட்டது. வித்தியாசம் என்னவென்றால், காப்பிச் செடி அடுத்த ஆண்டு மீண்டும் காய்த்தது; வெட்டப்பட்ட உச்சி மீண்டும் வளரவில்லை.

நகரத்தின் தாகத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1876-78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் நடுவே மாவட்டத்தின் மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்தது. நகராட்சி 1866-லேயே அமைந்திருந்தும் குடிதண்ணீருக்கு உறுதியான ஏற்பாடு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1911-இல் போதமலை, ஜருகுமலைச் சரிவுகளின் நீரைப் பிடிக்கும் பனமரத்துப்பட்டி ஏரி கட்டப்பட்டது. நகரம் தன்னுடைய தேவைக்கென்று ஒரு மலையடிவாரத்தில் போய் ஏரி கட்டியது அப்போதுதான். 1934-இல் மேட்டூர் அணை வந்து, பின்னர் காவிரி நீர் குழாய் வழியே வந்து சேர்ந்ததும், பனமரத்துப்பட்டி ஏரி கவனிப்பாரற்றுப் போனது. ஊருக்குள் இருந்த ஏரிகளுக்கும் அதே கதிதான். குழாயில் தண்ணீர் வருகிறவரைக்கும் ஏரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இடையில் அடிவாரச் சாலைக்கு வேறொரு பெருமை வந்தது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். நூல், துணி என்று போயிருக்க வேண்டியவர் சினிமாவுக்கு வந்தார். 1930-களின் நடுவில் ஏற்காடு சாலையில் 'மாடர்ன் தியேட்டர்ஸ்' ஸ்டுடியோவை எழுப்பினார். தமிழ்ப் படம் எடுக்க ஒரு காலத்தில் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறினார்கள்; பிறகு எல்லாம் சென்னையில் குவிந்தது. அந்த நாளில், சேலத்தின் ஓரத்தில் ஒளிப்பதிவுக் கூடம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தது பெரிய காரியம். நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். நேரம் தவறினால் முதலாளி முகத்தில் விழிக்க முடியாது.

முதல் படம் 'சதி அகல்யா', 1937. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' இங்கிருந்து வந்தது. கேரளத்தின் பேசும்பட வரலாறு சேலத்து மலையடிவாரத்தில் தொடங்குகிறது! 1940-இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்'. 1950-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் பங்கேற்ற 'மந்திரி குமாரி', வசனம் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். பின்னாளில் தமிழ்நாட்டை ஆண்ட இருவர் அந்த வாசல் வழியாக வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். பாரதிதாசனும் கண்ணதாசனும் அங்கே எழுதினார்கள். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' அதே ஆண்டில் 'பொன்முடி' ஆனது. 1952-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படமும் எடுத்தார்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வந்தது. மலையாளத்தின் முதல் வண்ணப் படம் 'கண்டம் பெச்ச கோட்டு' 1961-இல் வந்தது.

மலை அருகே இருந்தது வெறும் அழகுக்காக மட்டும் உதவவில்லை. காடு, பாறை, குகை, அருவி, ஓடும் குதிரை, துரத்தும் படை என்று அந்தக் காலக் கதைகள் கேட்ட எல்லாமே ஸ்டுடியோ வாசலுக்கு எதிரே இருந்தன. 'மந்திரி குமாரி'யில் கணவன் மனைவியை மலை முகட்டுக்கு அழைத்துப் போகும் காட்சியை ஏற்காட்டில் எடுத்ததாகச் சேலத்துக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1963-இல் சுந்தரம் மறைந்தார். மகன் காலத்தில் ஜெய்சங்கர் நடித்த 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று துப்பறியும் படங்கள் வந்தன. பிறகு ஸ்டுடியோ அடங்கியது. நிலம் வீட்டுமனைகளானது. நுழைவாயில் வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது. கல்யாண ஆல்பத்துக்குப் படம் எடுப்பவர்களும் பழைய சினிமா பைத்தியங்களும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த இடத்துக்கு ஒரு சிறிய அருங்காட்சியகமாவது அமைந்திருக்க வேண்டும்.

ஸ்டுடியோ நிலம் மனைகளான கதைதான் மொத்த அடிவாரத்தின் கதையும். 1981-இல் குரும்பப்பட்டியில் உயிரியல் பூங்கா வந்தது. கோரிமேட்டில் கல்லூரிகள், தொழிற்பயிற்சி நிலையம். 1994-இல் சேலம் மாநகராட்சியானது. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 8.29 லட்சம். வளர்ந்த நகரம் மலையைப் பார்த்துத்தான் நகர்ந்தது. காற்று நன்றாக இருக்கும், காலையில் எழுந்தால் மலை தெரியும் என்று சொல்லி மனை விற்றார்கள். சொன்னது பொய்யில்லை. கன்னங்குறிச்சியில் மொட்டை மாடிக்குப் போனால் மழைக்காலக் காலையில் சேர்வராயன் மேல் மேகம் படுத்திருப்பது தெரியும். குண்டு, மல்கோவா, பெங்களூரா காய்த்த வரகம்பாடிப் பக்கத்து மாந்தோப்புகளின் ஓரம்வரை தெருவிளக்கு வந்துவிட்டது. கோடையில் மலையில் தீப்பிடித்தால் இரவில் நெருப்புக் கோடு ஊருக்கே தெரியும். காட்டெருமை இறங்கினால் வனத்துறைக்குப் போன் போகும்.

இத்தனை வளர்ச்சியிலும் மூக்கனேரி கழிவுநீரும் குப்பையும் கருவேலமும் சேரும் இடமாகத்தான் கிடந்தது. 58 ஏக்கர் ஏரி. 2010-இல் பியூஷ் மானுஷ் முதலானோர் சேர்ந்த சேலம் மக்கள் குழு அதைக் கையில் எடுத்தது. அரசிடம் அனுமதி வாங்கி, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, தூர் வாரினார்கள். வாரிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோகச் செலவு அதிகம். அதனால் அதே மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, மண் சரியாதபடி மரக்கன்றுகளை நட்டார்கள். அந்த ஆண்டு மழையில் ஏரி நிரம்பியது. திட்டுகளில் மரம் வளர்ந்ததும் நீர்க்காகங்களும் கொக்குகளும் வந்து தங்கின. இப்போது சேலத்துப் பறவை ஆர்வலர்களின் காலைப் பொழுது அங்கேதான் விடிகிறது. சுற்றிலும் உள்ள கிணறுகளும் ஆழ்குழாய்களும் ஏரி நிறைந்திருப்பதை ஒட்டித்தான் ஊறும் என்பதை அடிவாரத்து மக்கள் மறுபடியும் நேரில் பார்த்தார்கள். பெரிய அணைக்கட்டோ வெளிநாட்டுக் கடனோ இல்லாமல், ஓர் ஊர் தன் ஏரியைத் தானே மீட்டது அண்மைக்காலச் சேலம் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது.

மேலேயிருந்து தண்ணீர் வர வேண்டுமே. அதுதான் இன்று பெரிய கவலை. கரை கடந்த ஃபெஞ்சல் புயல் 2024 டிசம்பர் தொடக்கத்தில் உள்ளே வந்தபோது சேர்வராயன் மலையில் விடாத மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பதிவான அதே நாட்கள். ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. திருமணிமுத்தாற்றில் வெள்ளம். மழை குறைவாகப் பெய்யும் ஆண்டுகளில் ஓடையின் இருகரையும் நெருங்கி வந்த மதில்கள், இப்படி ஒரு மழையில்தான் தாங்கள் நிற்பது எங்கே என்று தெரிந்துகொள்கின்றன. மலை உச்சியில் மரம் குறைந்தால் மழைநீர் ஊறாமல் வழிந்தோடும். சரிவில் வாய்க்கால் குறுகினால் வழிந்தோடியது வீட்டுக்குள் வரும். இரண்டும் நடந்தால் ஏரிக்கு மட்டும் தண்ணீர் போய்ச் சேராது.

அடிவாரத்தில் இன்று மனை பார்க்க வருகிறவர்கள் பத்திரத்தையும் பட்டாவையும் சரிபார்க்கிறார்கள். அதோடு புல வரைபடத்தையும் எடுத்துப் பார்க்கலாம். தாலுகா அலுவலகத்திலோ இணைய வழியிலோ யார் வேண்டுமானாலும் பெறக்கூடிய அந்த வரைபடத்தில், மலையிலிருந்து புது ஏரிக்கும் அங்கிருந்து மூக்கனேரிக்கும் இறங்கும் ஓடைகள் எந்தெந்தப் புல எண்ணைத் தொட்டுப் போகின்றன, எவ்வளவு அகலம் என்பதெல்லாம் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் சில இடங்களில் அந்த அகலம் இருக்கிறது. சில இடங்களில் சாக்கடை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. ஏரியைத் தூர்வாரிய ஊருக்கு அந்த ஓடைகளை அளந்து கல் நடுவது எட்டாத காரியமில்லை. ஏரிக்குள் இறங்கியவர்களில் பலர் இன்னும் அதே தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள்.